யோகமலரின் அம்மா இறந்த விதம்

ஷெல் அடித்து மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன். துவக்குத் தூக்கியவன் அல்ல நான். என் கையில் இருந்தது ஒரு நீலப் பேனை. இடம், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்துப் பின்னறை. காலம், தொண்ணூறுகளின் தொடக்கம். சனி ஞாயிறுகளில் அங்கே இருந்துகொண்டு, புதிதாக வந்து இறங்கிய எங்கள் சனத்தின் அகதிக் கோரிக்கைகளை எழுதிக் கொடுப்பேன். ‘கேஸ் எழுதுற இரத்தினவேல்’ என்றால் அப்போது ஒரு மதிப்பு இருந்தது. கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருத்துவார்கள். இப்போது எழுபத்தைந்து வயதில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறேன். முன்வரிசை என்ன, அழைப்பிதழே வருவதில்லை.

நான் கொன்ற மூவரில் ஒருவர் யோகமலரின் அம்மா. பெயர் மனோன்மணி. ஊர், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். இறக்கும்போது வயது நாற்பத்துமூன்று. ஆனால் இது யோகமலரைப் பற்றிய கதை. என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று எல்லோரும் சொல்லுவார்கள், எனவே அவரிடம் போகிறேன்.

யோகமலர் 1992ஆம் ஆண்டு பங்குனி மாதம் ரொறன்ரோ வந்தார். இருபத்துநான்கு வயது. யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் குளிர்ச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தார். ஊரில் இருக்கமுடியாததற்கு அவரிடம் வேண்டிய அளவு காரணம் இருந்தது. வீட்டின்மேல் குண்டு விழுந்திருந்தது. இரண்டு தடவை இடம்பெயர்ந்திருந்தார். இராணுவம், இயக்கம் என்று இரண்டு பகுதியாரும் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். இதெல்லாம் உண்மை. அம்மாவைப் பற்றிக் கேட்டபோதுதான் குரலைத் தணித்தார்.

“அம்மாவுக்கு நெஞ்சில அந்த வருத்தம் அண்ணை. கொழும்பில மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவை. சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். எங்களால கொண்டுபோக ஏலாமப் போச்சு.”

‘அந்த வருத்தம்’ என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே ஒரு நோய்தான். அதன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம் பாதி, பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் நடக்காது என்ற பயம் மீதி. யோகமலரின் வீட்டாரும் அம்மா காய்ச்சலில் இறந்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? பேனையை வைத்துவிட்டு, பெரிய மனிதர் மாதிரிச் சொன்னேன்: “பிள்ளை, உது ஹியரிங்கில எடுபடாது. கான்சர் எல்லா நாட்டிலயும் இருக்கு எண்டு சொல்லுவான்.” பாதை பூட்டினதையும், மருந்து வராததையும், ஒரு மனுசி படுக்கையில் கிடந்து இறந்ததையும் விளங்கப்படுத்த மூன்று பக்கம் வேண்டும். ஷெல்லுக்கு ஒரு வரி போதும். அன்றைக்கு வாசலில் இன்னும் ஒன்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ‘முற்பகல் பத்தேகால் மணியளவில் கிணற்றடியில் விழுந்த எறிகணையால்’ என்று எழுதினேன். கிணற்றடி என்பது என் கைவண்ணம். இடம் சொன்னால் நம்புவார்கள். பின்னால் யோசித்துப் பார்த்தால், மிச்ச உண்மையே அந்தக் கேசுக்குப் போதும். வெறும் சோம்பலிலும் என் எழுத்தில் இருந்த தலைக்கனத்திலும்தான் அந்த ஷெல்லை அடித்தேன். வழக்கறிஞருக்கு ஒன்றும் தெரியாது, பாவம் அந்த மனிதர்.

யோகமலர் கேசைப் பாடமாக்கினார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் திகதிகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். அகதி விசாரணை ஹியரிங்கில் கிணற்றடி வந்ததும் அவர் அழுதாராம். அழுகை உண்மைதானே. கேஸ் ஏற்கப்பட்டது. இரண்டு வருடத்தில் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே கிணற்றடிதான் சொல்லப்பட்டது. நோயில் இறந்த தாயைவிட ஷெல்லில் இறந்த தாய் கலியாணத்துக்கு நல்லது. இதையெல்லாம் நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

பிறகு முப்பது வருடம். கணவர் லொறி ஓட்டுநர், கிழமையில் நான்கு நாள் அமெரிக்கப் பக்கம் நிற்பார். மல்வேர்னில் ஒரு ரவுன்ஹவுஸ். யோகமலர் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றார். விடிய நாலரைக்கு எழும்பி இரண்டு பஸ் பிடித்துப் போவார். ஒரு நாள் பிந்தியது கிடையாது, ஒரு நாள் பிந்தின பஸ்ஸைத் திட்டாமல் விட்டதும் கிடையாது. வரி கட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓஹிப் மட்டையைத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார். அதுதான் ஒன்ராறியோ அரசாங்கம் எல்லோருக்கும் கொடுக்கும் மருத்துவ அட்டை. “சும்மா கேக்கேல்லை. கட்டினதைத்தான் கேக்கிறன்” என்பது அவருடைய வாய்ப்பாடு.

ஒரே மகள் நிலக்சி. இருபத்தொன்பது வயது, உயர்பள்ளியில் சரித்திரம் படிப்பிக்கிறாள். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நின்று அம்மம்மாவின் கதையைச் சொன்னவள். கிணற்றடி, பத்தேகால் மணி, எல்லாம் சொன்னாள். நானும் போயிருந்தேன். கைதட்டினேன். என்னுடைய எழுத்து ஒரு பிள்ளையின் வாயில் அவ்வளவு அழகாக வந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

போன வருடம் யோகமலருக்கு அந்த வருத்தம் வந்தது. ஐம்பத்தேழு வயது. இடது மார்பு. அரசாங்கம் ஒரு சதம் கேட்காமல் வெட்டியது, கதிர் பிடித்தது, மருந்து கொடுத்தது. எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: இது பரம்பரையாக வருகிற வகையோ? இரத்தத்தில் பார்க்கலாம். மரபணுச் சோதனை. இருந்தால் மகளுக்கும் இருக்க வாய்ப்புண்டு, மகளை முன்கூட்டியே கவனிக்கலாம். அந்தச் சோதனைக்கும் அரசாங்கம் கட்டும். ஆனால் எல்லோருக்கும் கட்டாது. யோகமலரின் வயதில் வந்தவர்களுக்குக் குடும்பத்திலும் வேறு யாருக்காவது இருந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஒரு படிவம் அனுப்பியது. தாய்: உயிரோடு இல்லை. இறந்த வயது: 43. காரணம்?

யோகமலர் ‘யுத்தம், ஷெல்’ என்று எழுதினார். யோசிக்கவே இல்லையாம். முப்பத்துமூன்று வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தற்போதைய தகவல்களின்படி அரசாங்கச் செலவில் சோதனை செய்யத் தகுதி இல்லை. புதிய குடும்பத் தகவல் ஏதும் கிடைத்தால் அறியத் தரவும்.

அந்தக் கடிதத்தோடுதான் யோகமலர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். குளிர் குறைந்த ஒரு சித்திரை மத்தியானம். கையில் ஒரு பை தோடம்பழம். இருந்ததும் இராததுமாகக் கேட்டார்.

“அண்ணை, என்ர கேசின்ர கொப்பி உங்களிட்ட இருக்கோ?”

“இருக்கு.”

“அதில அம்மா ஷெல்லில எண்டுதானே கிடக்கு?”

“ஓம்.”

“இப்ப நான் ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னா, இமிகிரேசனில பிடிப்பினமோ? சிற்றிசன்ஷிப்பைப் பறிப்பினமோ?”

எனக்குப் பயம் பிடித்தது. அவருக்காக அல்ல, எனக்காக. அந்தக் கேசின் அடியில் எழுதியவர் என்று என் கையெழுத்து இருக்கிறது. பிடித்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். எழுபத்தைந்து வயதுக் கிழவனை எங்கே கொண்டுபோய் என்ன செய்யப்போகிறார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை.

“நிலக்சி உழைக்கிறாள்தானே. பிறைவேற்றாச் செய்யச் சொல்லன்” என்றேன்.

யோகமலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அவளும் உதைத்தான் சொல்லுறாள். எச்சிலைத் துப்பித் தபாலில போடுற சோதனையாம். டொக்டர் சொல்லுறார், உதுகள் எல்லாத்தையும் பாக்காது, இல்லையெண்டு வந்தாலும் நம்பேலாது எண்டு. அதோட, கவுண்மேந்து என்னை ஏற்றுக்கொண்டாத்தான் அவளுக்கும் சோதினை, வருசா வருசம் ஸ்கான் எல்லாம் சரிவரும். நான் ஏன் அண்ணை காசு குடுத்துக் குறுக்கு வழியில போகவேணும்? இருபத்தாறு வருசம் கட்டினனான்.”

“அப்ப உண்மையைச் சொல்லு.”

“ஐயோ, அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது? அந்தக் கதையைச் சொல்லித்தானே வளர்த்தனான். அவள் அதை மேடையெல்லாம் சொல்லித் திரிஞ்சவள்.” தோடம்பழப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். பிறகு சொன்னார்: “அண்ணை, நான் ஒரு வழி யோசிச்சிருக்கிறன். அம்மாவை அப்பிடியே விடுங்கோ. எனக்கு ஒரு பெரியம்மா எழுதித் தாங்கோ.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு அக்கா. அந்த அக்காவுக்கு அந்த வருத்தம். அவ்வளவுதான் வேண்டும். உலகத்தில் வேறு எந்தச் சனத்துக்கும் இந்த யோசனை வந்திருக்காது. மரபணு ஆலோசகரிடம் போவதற்கு ஒரு கேஸ்!

சிரித்தேன் என்றேனே, பிறகு வெட்கமில்லாமல் எழுதவும் தொடங்கினேன். இருபது வருடமாகப் பேனை பிடிக்காத கை. சுகமாக இருந்தது, அதை ஏன் ஒளிப்பான்? பெயர் சற்குணம். பண்டத்தரிப்பில் கலியாணம் முடித்தவர். பிள்ளைகள் இல்லை, ஏனென்றால் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கூட்டிவா என்பார்கள். வலது மார்பு. வயது? இங்கேதான் என் அனுபவத்தைக் காட்டினேன். கேசில் ஒன்றையும் கூட்டிச் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. நாற்பதில் இறந்தார் என்றால் சந்தேகம் வரும். ஐம்பத்தெட்டு என்று வைத்தேன். நம்பக்கூடிய வயது.

யோகமலர் இரண்டு கிழமை பாடமாக்கினார். போனில் எடுத்து நான் கேள்வி கேட்பேன், அவர் மறுமொழி சொல்லுவார். சற்குணம் பெரியம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், “வாய்காரி, ஆனா கை நல்லது” என்பார். அது நான் எழுதாதது. அவரே சேர்த்தது.

வைகாசி மாதம் ஆஸ்பத்திரி திரும்பவும் அழைத்தது. நிலக்சிதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குச் சற்குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானும் போனேன். பயப்பட்டால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று யோகமலர் கேட்டார். உண்மையில் ஹியரிங்குக்குப் போகாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலோசகர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். அமைதியான பேச்சு. மேசையில் ஒரு தாளை வைத்து, பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டுக் குடும்பத்தை வரைந்தார். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நோய் வந்தவர்களின் வட்டத்தை நிரப்பிவிடுவார். யோகமலர் ஆங்கிலத்தில் சற்குணத்தைச் சொன்னார். ஒரு பிழை விடவில்லை. ஆலோசகர் ஒரு வட்டம் போட்டு, நிரப்பி, கோடு இழுத்தார்.

“வெயிற்,” என்றாள் நிலக்சி. “அம்மம்மாக்கு ஒரு அக்கா இருந்தவவா? ஹவ் கம் ஐ நெவர் ஹேர்ட் ஒஃப் ஹேர்?”

“இருந்தவ,” என்றார் யோகமலர், மகளைப் பார்க்காமல்.

ஆலோசகர் தாளைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கவலையோடு சொன்னார். ஒரு பெரியம்மா, அதுவும் ஐம்பத்தெட்டு வயதில். இது போதாது. வயது குறைவாக இருந்திருந்தாலோ, தாய்க்கே வந்திருந்தாலோ வேறு விதம். மனோன்மணியின் வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். “உங்கள் அம்மா யுத்தத்தில் இளவயதிலேயே இறந்துவிட்டார். அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரிய வழியில்லை” என்றார்.

என் நம்பக்கூடிய வயது! என் தொழில் திறமை அந்த மேசையில் நாறிப்போய்க் கிடந்தது. யோகமலரின் பக்கம் திரும்பினேன். அவர் அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் வெடித்தார்.

“ஏன் தெரியாது? என்ர அம்மாவுக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாதோ? ஏழு மாசம் நான்தானே கழுவினனான்! இடப்பக்கம். முதல் ஒரு கட்டி, பிறகு உடைஞ்சு புண். வேப்பிலை அவிச்ச தண்ணியில கழுவி, அவவின்ர சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுக் கட்டினன். மணக்குது பிள்ளை, கிட்ட வராதை எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பா. ஒருத்தருக்கும் சொல்லாதை, உன்னை ஒருத்தரும் கட்டமாட்டாங்கள் எண்டு சொல்லிச் சொல்லியே செத்தவ. ஷெல்லாம் ஷெல்! கிணத்தடியில ஒரு மண்ணும் விழேல்லை!”

ஆலோசகர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா என்ன சொன்னார் என்று மெல்லக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பழக்கதோசம். மற்றவர்களின் அம்மாக்கள் எப்படி இறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லுவதுதானே என் தொழில். நிலக்சி என் பக்கம் கையை உயர்த்தினாள்.

“நோ அங்கிள். ஐ வில் சே இற்.”

சொன்னாள். என் அம்மம்மா யுத்தத்தில் இறக்கவில்லை. அவருக்கு மார்பகப் புற்றுநோய். நாற்பத்துமூன்று வயது. இடது பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை இருக்கவில்லை. அம்மாதான் காயத்தைக் கழுவினவர். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிறுத்தி, தாயைப் பார்த்து, சரியா என்று கண்ணால் கேட்டாள். சேலையைக் கிழித்துக் கட்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னாள். எட்டாம் வகுப்பில் மேடையில் சொன்ன மாதிரி அழகாகச் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை.

ஆலோசகர் கேள்விக்குறியை அழித்தார். மனோன்மணியின் வட்டத்தை நிரப்பினார். பக்கத்தில் 43 என்று எழுதினார். பிறகு சற்குணத்தின் வட்டத்தில் பென்சிலை வைத்து, இவருக்கு ஐம்பத்தெட்டு என்பது நிச்சயமா என்று கேட்டார்.

“தேர் இஸ் நோ ஆன்ரி,” என்றார் யோகமலர். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். “ஹீ மேட் ஹேர் அப்.”

ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த ரிஷ்யுப் பெட்டியைப் பார்த்தேன். சற்குணம் பெரியம்மாவை அவர் ரப்பரால் அழித்துவிட்டார். இப்போது தகுதி இருக்கிறது, அரசாங்கம் கட்டும், இன்றைக்கே இரத்தம் எடுக்கலாம் என்றார்.

யோகமலருக்கு ஒன்றுதான் கேட்கவேண்டியிருந்தது. இந்தத் தாளை இமிகிரேசனுக்கு அனுப்புவீர்களா? ஆலோசகருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தரம் கேட்ட பிறகு, “ஏன் அனுப்பவேண்டும்? இது உங்கள் மருத்துவக் கோப்பில் இருக்கும்” என்றார். யோகமலர் முப்பத்துமூன்று வருடம் பயந்தது அந்த ஒரு வசனத்தோடு முடிந்தது.

திரும்பி வரும்போது நிலக்சி என்னை டோர்செட் பார்க்கில் இறக்கிவிட்டாள். வழமையாக ‘பாய் அங்கிள்’ என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. கோபம் நியாயம்தான்.

ஆறு கிழமையில் மறுமொழி வந்தது. பரம்பரையாக வருகிற அந்த மரபணுப் பிழை யோகமலருக்கு இருக்கிறது. அதனால் நிலக்சிக்கும் அரசாங்கச் செலவிலேயே பார்த்தார்கள். அவளுக்கும் இருக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மல்வேர்னுக்கு வரச் சொன்னார்கள். போனபோது யோகமலர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“நான் குடுத்திட்டன் அண்ணை. என்ர பிள்ளைக்கு நானே குடுத்திட்டன்.”

“அம்மா, ஸ்ரொப்,” என்றாள் நிலக்சி. “எனக்கு ஸ்கானுக்கு டேற் வந்திட்டுது. உங்களுக்கு மற்றப் பக்கத்தையும் முன்கூட்டியே எடுக்கிற ஒப்பரேசனுக்கு டேற் வந்திட்டுது. கறியை முதல் முடியுங்கோ, பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து அழுவம்.”

யோகமலர் அழுதபடியே சிரித்தார். தாயை அவள் மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேசின் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கொடுத்தேன். நின்றபடியே கிணற்றடிப் பந்தியை வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

“அங்கிள், எத்தினை பேருக்கு இப்பிடி எழுதினீங்கள்?”

“கேஸ் அறுபத்தொண்டு எழுதினனான் பிள்ளை. வருத்தத்தை ஷெல்லாக்கினது மூண்டு.”

“அந்த ஃபமிலிகளில பெட்டையள் இருக்கினமோ?”

நான் மடித்த தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவள் திரும்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள்.

வீட்டுக்கு வந்து பழைய கொப்பிப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தேன். மூவரில் ஒருவர் மனோன்மணி. ஒருவர் பிள்ளைகுட்டி இல்லாத ஒரு கிழவர், ஈரலில் வருத்தம். மூன்றாவது, மகேஸ்வரனின் அக்கா. முப்பத்துநான்கு வயது. மார்பில் அந்த வருத்தம். அவரை நான் சந்தைக்குள் வைத்து ஷெல்லடித்திருந்தேன், காலை எட்டு மணிக்கு.

மகேஸ்வரன் இப்போது மிசிசாகாவில் வீடு வாங்கி, விமான நிலையத்தில் வேலை செய்கிறான். பதினைந்து வருடமாகத் தொடர்பில்லை. இலக்கம் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. சுகம் விசாரித்து முடிந்ததும் நேராகக் கேட்டேன்.

“தம்பி, உனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் எல்லோ?”

“ஓம் அண்ணை.” எங்கோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டு வந்தான். முப்பது வருடத்துக்கு முன் யோகமலர் தணித்த அதே குரல். “உங்களுக்கு ஆர் சொன்னது? மூத்தவள் லக்சிகாக்கு இப்ப கீமோ நடக்குது. முப்பத்தொரு வயசு. போன வருசமே சின்னதா ஒரு கட்டி எண்டு குடும்ப டொக்டரிட்டக் காட்டினவள். வீட்டில ஆருக்கும் இருந்ததோ எண்டு கேட்டவர். இல்லையெண்டு சொன்னனாங்கள். வயசு காணாது, யோசிக்கவேண்டாம் எண்டு விட்டிட்டார்.”

கொப்பியில் ‘காலை எட்டு மணி’ என்று நான் எழுதிய வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

“அண்ணை, லைனில நிக்கிறியளோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சின்னவளுக்குக் கலியாணம் பேசுறம்.”

“சின்னவளின்ர பேர் என்ன?”

“பிரதீபா.”

“வீட்டில நிக்கிறாளோ?”

“ஓம், ஏன்?”

“போனை அவளிட்டக் குடு.”

“ஏன் அண்ணை, அவளுக்கு என்னத்தை...”

“குடடா போனை!”

அவ்வளவு சத்தமாக நான் கத்தி வருடக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் மாடிப்படி ஏறும் சத்தம். கதவு தட்டும் சத்தம். பிறகு ஒரு பிள்ளையின் குரல், கொஞ்சம் பயந்து.

“ஹலோ? ஹூ இஸ் திஸ்?”

“நான் இரத்தினவேல், பிள்ளை. அப்பாவுக்குக் கேஸ் எழுதினனான். உங்கட மாமி எப்பிடிச் செத்தவ எண்டு அப்பா சொல்லியிருக்கிறாரோ?”

“ஓம். மார்க்கற்றில. ஷெல் விழுந்து.”

“அந்த ஷெல்லை அடிச்சது நான்,” என்றேன். “கிட்டடியில ஒரு பேப்பர் இருந்தா எடுங்கோ. நான் சொல்லுறதை எழுதிக்கொண்டு நாளைக்கே டொக்டரிட்டப் போங்கோ.”